வேட்டைப் பயணத்துக்கு அமீர் ஆவது எப்படி

பாலைவன ஊரான ஜஹ்ராவில் கோடை முடிவதை யாரும் நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. அபூ ஃபைஹானின் திவானியாவில், அதாவது ஆண்கள் கூடிப் பேசும் வரவேற்பறையில், யாராவது ஒருவர் ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் கோடை போய்விட்டது என்று அர்த்தம். இன்னொருவர் காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம்... இந்த வருஷம் எப்படி?" என்று இழுத்தால் வேட்டைக் காலம் பிறந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அரசாங்க அறிவிப்பு எதுவும் தேவையில்லை.

கஸகஸ்தானுக்கு ஹுபாரா வேட்டைக்குப் போவது லேசுப்பட்ட காரியமல்ல. ஹுபாரா, கானமயிலுக்குத் தம்பி முறையாக வேண்டிய பறவை. அதைப் பிடிக்க ராஜாளி வேண்டும். அந்த நாட்டு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ராஜாளிக்குப் பாஸ்போர்ட் வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், விமானத்தில் இடம் வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு, மனிதர்களுக்கும் பாஸ்போர்ட் தேவைப்படும் என்பது யாருக்காவது ஞாபகம் வரும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது ஓர் அமீர். மூன்று பேர் சேர்ந்து பயணம் கிளம்பினாலே தங்களுக்குள் ஒருவரை அமீராக வைத்துக்கொள்வது முறை. அவர் நில் என்றால் வண்டி நிற்கும். கூடாரம் அடி என்றால் கூடாரம் எழும்பும். எந்த ராஜாளி முதலில் பறக்கும், எது அடுத்து, எது கடைசி என்பதையும் அவர்தான் சொல்வார்.

ஜர்ராஹ்வின் பிரச்சினை முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்துக்குள் இருந்தது.

ஜர்ராஹ், அபூ ஃபைஹானின் மருமகன். அமைச்சகம் ஒன்றில் வேலை. வேலை என்றால் இருக்கை. அவனிடம் வத்ஹா என்றொரு ராஜாளி இருந்தது. பெண். வேட்டை ராஜாளிகளில் பெண்தான் உருவத்தில் பெரிசு, பெண்தான் பலசாலி. திவானியாவில் ஆண்கள் இந்த விஷயத்தை அதிகம் கிளறுவதில்லை. ஊர்ப்பக்கத்துப் பாலைவனத்தில் பழக்கியபோது வத்ஹா காட்டிய வேகத்தைப் பார்த்து, பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் டீயைக் கொட்டிக்கொண்டார்கள். ஆனால் கஸகஸ்தானில் அதற்கு வாய்ப்பே வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் அமீர் அபூ ஃபைஹான். ஒவ்வொரு வருஷமும் முதலில் பறப்பது அபூ ஃபைஹானின் ஷக்ரா. "ஆபத்துன்னா தலைவன்தான் முன்னாடி நிக்கணும்" என்பது அவர் சொல்லும் காரணம். அந்த ஆபத்து ஒரு கோழி கனம் இருக்கும், ஆளைக் கண்டால் ஓடும். பிறகு பெரியவர் முத்லக்கின் பறவை, பிறகு விருந்தாளிகளின் பறவைகள். வத்ஹாவின் கண்ணை மூடியிருக்கும் தோல் குல்லாயைக் கழற்றும் நேரத்தில் ஹுபாராக்கள் பக்கத்து நாட்டுக்குப் போயிருக்கும், சூரியன் அதற்கும் அடுத்த நாட்டுக்குப் போயிருக்கும். மூன்று வருஷமாக வத்ஹா கஸகஸ்தானுக்குப் போய், கும்மிருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஆகவே இந்த வருஷம் தானே அமீராகிவிடுவது என்று ஜர்ராஹ் முடிவு செய்தான்.

"அதுக்கென்ன, எனக்கு வேணும்னு கேளேன்" என்றாள் அவன் மனைவி ஹிஸ்ஸா. அவள் அபூ ஃபைஹானின் மகள். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவள்.

ஜர்ராஹ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "கேட்கிறவனுக்குப் பதவி கொடுக்க மாட்டாங்க. அது தெரியாதா உனக்கு? வேண்டாம்னு சொல்றவனுக்குத்தான் கொடுப்பாங்க."

"அப்போ வேண்டாம்னு சொல்லு."

"உங்கப்பாவும் வேண்டாம்னுதானே சொல்வாரு! அவரைவிட நான் நல்லா வேண்டாம்னு சொல்லணும்."

ஹிஸ்ஸா விடைத்தாள் திருத்துவதை நிறுத்தவில்லை. "எங்கப்பா கூடவா போட்டி? வேண்டாம்னு சொல்றதுல அவருக்கு முப்பது வருஷ அனுபவம். கல்யாண வீட்டுல வாசப்படியில நின்னு, நீங்க முதல்ல போங்க, இல்ல நீங்க போங்கன்னு சொல்லியே மாப்பிள்ளைய வெயில்ல மயங்க வச்சவரு. உன்னால ஆகாது ஜர்ராஹ்."

"பார்க்கலாம்" என்றான் அவன். அன்று மாலை முழுவதும் குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று, இறைவனிடம் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் "அஸ்தக்ஃபிருல்லாஹ், நான் எங்கே, அந்தப் பொறுப்பு எங்கே" என்று பல சுருதிகளில் சொல்லிப் பார்த்தான். மூன்றாவது சுருதி அவனையே கண்கலங்க வைத்தது.

தேர்தல் புதன்கிழமை நடந்தது. திவானியாவின் தேர்தலில் வாக்குப்பெட்டி கிடையாது. வேட்பாளர்கள் ஒருவருக்காக இன்னொருவர் பிரசாரம் செய்வார்கள். யார் தன்னைப் பற்றி அதிக மோசமாகப் பேசுகிறாரோ அவர் ஜெயிப்பார்.

பெரியவர் முத்லக்தான் ஆரம்பித்து வைத்தார். "அபூ ஃபைஹான், இந்த வருஷமும் நீங்கதான் எங்களை நடத்திக்கிட்டுப் போகணும்."

அபூ ஃபைஹான் நெஞ்சில் கையை வைத்தார். "அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுள் கொடுக்கட்டும். எனக்கு என்ன தெரியும்? வயசாச்சு. கண்ணும் மங்கிப் போச்சு. போன வருஷம் வழி தவறினது நினைவில்லையா?"

நினைவில்லாமல் என்ன? அவர் தொலைபேசியில் வரைபடம் பார்ப்பதை வீரத்துக்கு இழுக்கு என்று தடை செய்து, நட்சத்திரத்தைப் பார்த்து வண்டியை நடத்தினார். அன்றைக்கு மேகமூட்டம். ஒரே இடையனின் கூடாரத்துக்கு மூன்று முறை போய்ச் சேர்ந்தார்கள். முதல் முறை அவன் ஆடு அறுத்தான். இரண்டாம் முறை டீ கொடுத்தான். மூன்றாம் முறை அவர்கள் விட்டுப்போன செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

இதுதான் சமயம் என்று ஜர்ராஹ் பாய்ந்தான். "என்ன மாமா இப்படிப் பேசறீங்க! நீங்க இருக்கும்போது வேற யாரு? வழி தவறினது நீங்க இல்ல, வழிதான் தவறிப்போச்சு."

அபூ ஃபைஹான் அவனை ஓரக்கண்ணால் அளந்தார். முப்பது வருஷ அனுபவம் விழித்துக்கொண்டது. "மருமகனே, இனிமே உங்க காலம். நீ இளைஞன், படிச்சவன். நீயே இரு."

ஜர்ராஹ்வுக்கு உடனே தலையாட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் முதல் அழைப்பிலேயே ஒப்புக்கொள்வது, விருந்தில் மூடியைத் திறப்பதற்கு முன்னால் சட்டியில் கையை விடுவது மாதிரி. "அஸ்தக்ஃபிருல்லாஹ்! நான் எங்கே, அந்தப் பொறுப்பு எங்கே" என்றான், மூன்றாவது சுருதியில்.

திவானியாவில் ஒரு 'ச்ச்' சத்தம் ஓடியது. எல்லோருக்கும் பிடித்திருந்தது.

"பாருங்க இந்தப் பணிவை!" என்றார் அபூ ஃபைஹான். "இதுக்காகவே நீதான் இருக்கணும்."

"உங்க பணிவுக்கு முன்னாடி என் பணிவெல்லாம் திமிர் மாமா."

"என் பணிவா? நான் ஒரு ஆட்டைக்கூட மேய்க்கத் தகுதியில்லாதவன்."

"நான் அந்த ஆடா இருக்கக்கூடத் தகுதியில்லாதவன்."

முத்லக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. இந்தக் கட்டத்தில் மற்ற வருஷங்களில் எதிராளி அடங்கிவிடுவார். அபூ ஃபைஹான் பெருமூச்சு விட்டு, "சரி, உங்க கட்டாயத்துக்காக" என்று முடித்து வைப்பார். இன்று எதிராளி அடங்கவில்லை. அபூ ஃபைஹான் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "வல்லாஹி! சத்தியமா சொல்றேன். ஜர்ராஹ் இருக்கும்போது நான் இந்தப் பயணத்துக்கு அமீரா இருக்க மாட்டேன்!"

சத்தியத்துக்கு எதிராகச் சும்மா இருப்பவன் ஆசை பிடித்தவன் என்று பெயரெடுப்பான். ஜர்ராஹ் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"வல்லாஹி, மாமா இருக்கும்போது நானும் இருக்க மாட்டேன்!"

மெதுவாக, ஒவ்வொருவர் முகத்திலும் கணக்கு ஓடுவது தெரிந்தது. மாமாவும் வருகிறார். மருமகனும் வருகிறான். இரண்டு பேரும் அமீராக முடியாது. சத்தியம் சத்தியம்தான்.

அந்த நேரத்தில் கலஃப் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு சோற்றுத் தாம்பாளத்தோடு உள்ளே வந்தான்.

கலஃப், அபூ ஃபைஹானின் தம்பி மகன். வேட்டைக்கு வருவான், வேட்டையாட மாட்டான். சிறு வயதில் ஒரு ராஜாளி அவன் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதிலிருந்து புறா பறந்தாலும் குனிந்துகொள்வான். அவன் பயணத்துக்கு வருவது சமைக்க, அதைவிட முக்கியமாகச் சாப்பிட. அவனிடம் இன்னொரு குறையும் உண்டு. பசிக்கிறதா என்று கேட்டால் பசிக்கிறது என்பான். தங்கிவிட்டுப் போகிறாயா என்றால் படுக்கை எங்கே என்பான். வளர்ப்பு சரியில்லை என்று குடும்பமே அவன் அம்மாவைக் குறை சொன்னது.

முத்லக் சூழ்நிலையைக் காப்பாற்ற ஒரு மரியாதை வார்த்தை வீசினார். "அப்போ நம்ம கலஃபையே அமீரா வச்சுக்கலாமே?"

அதற்குக் கலஃப் பதறி மறுக்க வேண்டும், எல்லோரும் சிரிக்க வேண்டும், பேச்சு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுதான் முறை.

"சரி" என்றான் கலஃப். "முதல்ல சாப்பிடுங்க, ஆறிடும்."

இரண்டே நாளில் கலஃப் பயணத்தைத் திட்டமிட்டு முடித்துவிட்டான். இதுதான் எல்லோரையும் அதிகமாகக் கலவரப்படுத்தியது. வழக்கமாக இரண்டு மாதம் பேசுவார்கள். எந்த வண்டி, எந்த மசாலா, போன வருஷம் யார் கூடாரக் கம்பியை மறந்தது என்று பேசிப் பேசி, பயணத்தில் பாதிச் சுகம் அந்தப் பேச்சிலேயே கிடைத்துவிடும். கலஃப் தொலைபேசியைத் தடவினான், நாலு இடத்துக்குப் பேசினான், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் திவானியாவில் கூடியபோது எழுந்து நின்றான்.

"எல்லாம் ஆச்சு. பறவைகளோட பாஸ்போர்ட் நாலும் சரியா இருக்கு. அனுமதி கேட்டாச்சு. அல்மாட்டியில நல்ல ஹோட்டல். ஒரு வாரம்."

"ஹோட்டலா?" என்றார் முத்லக். அந்தச் சொல்லைச் சிறைச்சாலை என்பது போலச் சொன்னார்.

"வெந்நீர்க் குளம் இருக்கு. ரெண்டு நாள் அதுல ஊறுவோம். ஒரு நாள் மலை ரயில். ஒரு நாள் கடைவீதி, வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஏதாச்சும் வாங்கணும் இல்ல? ரெண்டு நாள் சும்மா."

ஜர்ராஹ் குறுக்கிட்டான். "வேட்டை?"

"ஆங், இருக்கு. வியாழக்கிழமை. காலையில போயிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிடணும். வெளியில ரொம்பக் குளிருமாம்."

அரை நாள். நாலு பறவை. அரை நாளில் ஒரு பறவை பறக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. "எது முதல்ல பறக்கும்?" என்றான் ஜர்ராஹ். குரல் கீச்சென்று வந்தது.

"அதையெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம். எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரித்தான் தெரியுது" என்றான் கலஃப்.

அபூ ஃபைஹான் காபிக் கிண்ணத்தை ஆட்டினார். போதும் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் அவர் இன்னும் காபியே குடித்திருக்கவில்லை.

அமீரை எதிர்த்துப் பேசக்கூடாது. அவராக விலகினால் உண்டு. கலஃபிடம் கேட்டால் விலகிவிடுவான் என்பது ஜர்ராஹ்வுக்குத் தெரியும். அவன் எதைக் கேட்டாலும் சரி என்பவன். ஆனால் அவன் விட்ட இடத்தில் போய் உட்கார முடியாதபடி அந்தச் சத்தியம் குறுக்கே படுத்திருந்தது.

சத்தியத்தை முறிப்பதற்கு வழி இருந்தது. பரிகாரமாக ஏழைகள் பத்துப் பேருக்குச் சாப்பாடு போட வேண்டும். வாரத்தின் முதல் வேலை நாளான ஞாயிற்றுக்கிழமை ஜர்ராஹ் அமைச்சகத்துக்கு விடுப்புச் சொன்னான். அங்கே யாரும் வித்தியாசத்தை உணரவில்லை. ஊரின் மறு கோடியில், தன்னை அடையாளம் தெரியாத ஓர் உணவகத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். எகிப்துக்காரர் ஷவ்கி நடத்துவது. அடுப்படியில் அந்த ஊர்ப் பிரியாணியான மஜ்பூஸ் கமகமத்துக்கொண்டிருந்தது.

"பத்துச் சாப்பாடு வேணும்" என்றான் ஜர்ராஹ் தாழ்ந்த குரலில். "கோழி, சோறு, எல்லாம் நிறைவா. கட்டிக் கொடுங்க."

ஷவ்கி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பத்தா? சத்தியமா பாஷா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாஷா, கல்யாணத்துக்கு நூறு கேட்பாங்க. பிறந்தநாளுக்கு இருபது, முப்பது. கரெக்டா பத்துன்னா அது சத்தியம். வேட்டை சீசன்ல எனக்குச் சத்திய வியாபாரம்தான் பெரிசு. யாருக்குப் போய்ச் சேரணுமோ நானே பள்ளிவாசல் மூலமா அனுப்பிடுவேன், நீங்க அலைய வேண்டாம். எதைச் சத்தியம் பண்ணினீங்க? பெண்டாட்டி விஷயமா?"

"இல்ல. அமீர் பதவி."

"அடடே" என்றார் ஷவ்கி. "உள்ளே ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு, அவரும் அதேதான். உங்க ஊர்ல எத்தனை பதவி காலியா இருக்கு?"

ஜர்ராஹ் உள்ளே எட்டிப் பார்த்தான். மூலை மேசையில், சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூக்கை மறைத்தால் போதாது. அந்தத் தொப்பையை ஜஹ்ரா முழுவதும் அறியும்.

"மாமா?"

அபூ ஃபைஹான் தலைத்துணியை இறக்கினார். "மருமகனே! நீ எங்கே இந்தப் பக்கம்?"

"சும்மா. தர்மம் பண்ணலாம்னு."

"நானும்தான். தர்மம்தான். மனசுக்குத் திடீர்னு தோணிச்சு."

"எத்தனை பேருக்கு மாமா?"

"ஒரு பத்துப் பேருக்கு."

"நானும் பத்துதான்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷவ்கி பில்லை எடுத்து வந்து, மாமா மேல் ஒரு கண்ணும் மருமகன் மேல் ஒரு கண்ணுமாக நின்றார். "ரெண்டும் ஒரே சத்தியமா, தனித்தனியா? ஒண்ணா அனுப்பிடவா?"

"தனித்தனி!" என்றார்கள் இரண்டு பேரும்.

அபூ ஃபைஹான்தான் முதலில் சிரித்தார். தொப்பை மேசையை ஆட்டியது. "உட்காருடா. மலை ரயிலாம்! முப்பது வருஷமா வேட்டைக்குப் போறவன் நான். என்னை ரயில்ல உட்கார வைக்கிறான் அந்தப் பய."

"வெந்நீர்க் குளம் மாமா."

"அதைச் சொல்லாதே. முத்லக் வெந்நீர்க் குளத்துல எப்படி இருப்பாருன்னு நேத்து ராத்திரி கனவே வந்துடுச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு. நாம ரெண்டு பேரும் மறுபடி மோதிக்கிட்டா அவன்தான் அமீர். இந்தத் தடவை நீ இருந்துக்கோ. நானே உன் பேரைச் சொல்றேன். நான் சொன்ன மறுநொடி நீ சரின்னு சொல்லிடணும். பணிவு கிணிவு ஒண்ணும் கூடாது."

ஜர்ராஹ்வால் நம்ப முடியவில்லை. "நிஜமாவா மாமா?"

"ஆனா வண்டி எந்த மைதானத்துக்குப் போகணும்கிறதை நான் சொல்வேன்."

"நட்சத்திரத்தைப் பார்த்தா?"

"நட்சத்திரத்தைப் பார்த்துத்தான்."

ஜர்ராஹ் அந்த இடையனை ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். பிறகு வத்ஹாவை நினைத்தான். "சரி" என்றான். சொல்லிப் பார்த்தபோது வாய் கொஞ்சம் கூசியது. பழக்கமில்லாத பண்டம்.

அன்று மாலை திவானியா நிறைந்திருந்தது. பேரீச்சம்பழத் தட்டு ஒரு சுற்று போய்வந்திருந்தது. அபூ ஃபைஹான் தொண்டையைச் செருமினார். "கலஃப், கண்ணு, நீ ரொம்பச் சிரமப்பட்டுட்டே. சமையலும் பார்த்து, பயணத்தையும் பார்த்து..."

"விட்டுடணுமா? சரி" என்றான் கலஃப். "ஹோட்டல்காரனுக்கு மட்டும் இப்பவே சொல்லிடறேன்." தொலைபேசியைத் தடவ ஆரம்பித்தான். ஓர் அமீர் ஆட்சியை விட்டிறங்க அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

"அப்போ நான் சொல்றேன்" என்றார் அபூ ஃபைஹான். "ஜர்ராஹ் இருக்கட்டும்."

எல்லோரும் ஜர்ராஹ்வின் பக்கம் திரும்பி, மூன்றாவது சுருதிக்காகக் காத்திருந்தார்கள். முத்லக் ரசிப்பதற்குத் தோதாகத் தலையைச் சாய்த்துக்கூட வைத்துக்கொண்டார்.

"சரி" என்றான் ஜர்ராஹ்.

காபி ஊற்றிக்கொண்டிருந்தவரின் கை நின்றது. காபி நிற்கவில்லை, கிண்ணம் வழிந்து கம்பளத்துக்குப் போயிற்று. "என்ன சொன்னான்?" என்றார் முத்லக், காது கேட்காதவர் மாதிரி. பக்கத்திலிருந்தவர் சொன்னார். முத்லக் மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில்தான் வந்தது.

"சத்தியம் இருந்ததே?"

"சாப்பாடு போட்டாச்சு" என்றான் ஜர்ராஹ்.

"நானும் போட்டாச்சு" என்றார் அபூ ஃபைஹான். சொன்ன பிறகுதான் நீ எதற்காகப் போட்டாய் என்று யாராவது கேட்பார்களே என்று தோன்றி, பேரீச்சங்கொட்டையை ஆராய ஆரம்பித்தார். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

முத்லக் ஒருவழியாகத் தேறினார். அமீர் என்று ஆகிவிட்டால் அமீர்தான். "நல்லது. அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். அப்போ வரிசையைப் பேசிடுவோம். இந்தத் தடவை அமீரோட பறவைதான் முதல்ல. வத்ஹா முதல்ல பறக்கட்டும்!"

"ஆமா, ஆமா" என்றார்கள் எல்லோரும். "வத்ஹாதான்!"

மூன்று வருஷம் காத்திருந்த வார்த்தை. ஜர்ராஹ்வின் காதுக்குள் தேன் வார்த்த மாதிரி இறங்கியது. அவன் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அவன் வாய் தானாகத் திறந்தது. அவனைப் பெற்றவர்களும், பெற்றவர்களைப் பெற்றவர்களும் அந்த வாய்க்குள்ளிருந்து ஒன்றாகச் சேர்ந்து பேசினார்கள்.

"அஸ்தக்ஃபிருல்லாஹ்! மாமாவோட ஷக்ரா இருக்கும்போது வத்ஹாவா? ஒருநாளும் இல்ல. மாமாவோடதுதான் முதல்ல!"

சொல்லி முடித்துவிட்டு, பெருமையாகச் சுற்றிப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குப் புரிந்தது. பரவாயில்லை. இப்போது மாமா மறுப்பார். இல்லை மருமகனே, நீதான் அமீர் என்பார். மறுக்காமல் இருக்கவே முடியாது. முப்பது வருஷ அனுபவம்.

அபூ ஃபைஹான் மருமகனை அன்போடு பார்த்தார். அவரும் அன்றைக்குப் புதிதாக ஒன்று கற்றிருந்தார்.

"சரி" என்றார்.

"சரியா?" என்றான் ஜர்ராஹ்.

"சரிதான்பா. அமீர் சொல்லிட்டா மறுபேச்சு உண்டா? ஷக்ரா முதல்ல. அப்புறம் முத்லக்கோடது, அப்புறம் விருந்தாளியோடது. அமீரோடது கடைசி. அதுதானே மரியாதை!"

திவானியா தலையசைத்தது. இப்படியொரு அமீரை அது கண்டதில்லை. ஜர்ராஹ்வின் கண் முன்னால் கஸகஸ்தானின் இருட்டு மறுபடி விரிந்தது. நடுவில் வத்ஹா, குல்லாயைக் கழற்றியும் கழற்றாத மாதிரியே, எதையும் பார்க்க முடியாமல். அந்தத் திவானியாவில் சுவர் எழும்பிய நாளிலிருந்து எந்த ஆண்பிள்ளையும் சொல்லாத வாக்கியம் ஒன்று அவன் தொண்டைக்கு வந்தது. அதை விழுங்கப் பார்த்தான். போகவில்லை.

"மாமா" என்றான். "நான் அதைச் சும்மா மரியாதைக்குச் சொன்னேன்."

கலஃப்கூட தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கினான்.

"என்னது?" என்றார் அபூ ஃபைஹான்.

"மரியாதைக்குச் சொன்னேன். எனக்கு வத்ஹாதான் முதல்ல பறக்கணும். அதுக்காகத்தான் அமீர் பதவியே. வேண்டாம்னு சொன்னதெல்லாம் வேணும்னுதான் சொன்னேன்."

ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு மூலையிலிருந்து ஒரு நடுங்கும் குரல் கேட்டது.

"அப்படிச் சொல்லலாமா?" என்றார் முத்லக். அவர் எழுந்து நின்றுவிட்டிருந்தார். விரல் அபூ ஃபைஹானை நோக்கி நீண்டிருந்தது. "மரியாதைக்குச் சொன்னேன்னு அப்புறமா சொல்லலாமா? அப்போ நானும் சொல்றேன்! உன் ஷக்ரா யாரோடது? என்னோடது! என் கையில இருந்ததைப் பார்த்து அழகா இருக்குன்னு சொன்னே. எடுத்துக்கோன்னேன். ஊர்ல எல்லாரும் சொல்ற மாதிரி மரியாதைக்குத்தான் சொன்னேன்! கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டியே, பாவி! ஆறு வருஷமா அது முதல்ல பறக்குறதை நான் ரெண்டாவதா நின்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்!"

"ஓஹோ!" அபூ ஃபைஹானும் எழுந்தார். "அப்போ நானும் சொல்றேன். கால் உடைஞ்சு என் வீட்டுக்கு வந்தியே, குணமாகிற வரைக்கும் இருங்கன்னு சொன்னேனே, அது எதுக்கு? மரியாதைக்கு! ஓட ஆரம்பிச்ச பிறகும் நீ போகலையே!"

"உன் பெண்டாட்டி சமையல் நல்லா இருக்குன்னு சொன்னேனே, அதுவும் மரியாதைக்குத்தான்!"

அதற்குப் பிறகு யார் பேசியது, யார் கேட்டது என்று சொல்ல முடியாது. ஒருவர் தன் தோட்ட வீட்டைத் திருப்பிக் கேட்டார். இன்னொருவர், இவ்வளவு வருஷமாகத் தனக்கு ஏலக்காய் போட்ட காபியே பிடிக்காது என்று கத்தினார். காபி ஊற்றுகிறவர், தனக்கு அவரையே பிடிக்காது என்றார். அபூ ஃபைஹான் நடுவில் நின்று மருமகன் பக்கம் திரும்பினார்.

"நீ பொண்ணு கேட்டு வந்தப்போ, எங்க குடும்பத்துக்கே பாக்கியம்னு சொன்னேன் பாரு. அது எதுக்குன்னு நினைக்கிறே?"

"தெரியும் மாமா" என்றான் ஜர்ராஹ். "ஹிஸ்ஸா அப்பவே சொல்லிட்டா."

அபூ ஃபைஹானின் தொப்பை குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, முத்லக்கின் தோளையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முத்லக் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. ஆனால் பிடித்துக்கொள்ளச் சொல்லியும் உபசரிக்கவில்லை.

அந்தக் களேபரத்துக்கு நடுவே கலஃப் ஜர்ராஹ்வின் அருகில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவன் முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை. அவனிடம் திருப்பிக் கேட்கவோ, அவன் திருப்பிக் கொடுக்கவோ எதுவுமே இல்லை. அவன் எடுத்துக்கொண்டதெல்லாம் கேட்டு எடுத்துக்கொண்டதுதான்.

"அங்கே வேட்டையைப் பார்த்துக்கிற ஆளு லைன்ல இருக்கான்" என்றான், தொலைபேசியைக் காட்டி. "முதல்ல எந்தப் பறவைன்னு கேட்கிறான். வத்ஹான்னு சொல்லிடவா?"

சிரிப்பு நின்று எல்லோரும் திரும்பினார்கள். மாமா, முத்லக், காபிக்காரர், தோட்ட வீட்டுக்காரர். அத்தனை பேரும் ஜர்ராஹ்வையே பார்த்தார்கள். அவன் கை மெல்ல நெஞ்சை நோக்கி எழும்பியது. உதடு பிரிந்தது. உள்ளே அந்தப் பழைய 'அஸ்' கிளம்பிவிட்டது அவனுக்கே தெரிந்தது.

நெஞ்சுக்குப் போகவிருந்த கையைப் பாதி வழியில் திருப்பித் தட்டுக்குக் கொண்டுபோனான். இருப்பதிலேயே பெரிய பேரீச்சம்பழம் இரண்டை எடுத்துச் சேர்த்து வாய்க்குள் திணித்துக்கொண்டான். பிறகு, கொட்டையோடு கன்னம் உப்ப, வேகமாக மேலும் கீழும் தலையை ஆட்டினான்.